வெளியே உட்கார்ந்தவர் வகுப்பெடுத்த கதை

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகம் காலை 10 மணிக்கு எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டத்துக்குப் பெயர் விருதுநகர் என்றாலும் மாவட்டத் தலைமை நீதிமன்றம் இங்கேதான். ராஜபாளையம், சேத்தூர், தளவாய்புரம், வத்திராயிருப்பு என்று நாலா பக்கமும் பஸ் ஏறி வந்த ஜனம் வாய்தா தேதி கேட்டு மரத்தடியில் நிற்கும். ஒரு காலத்தில் அந்த மரத்தடியில் மட்டும்தான் நம் தெருக்காரர்களைப் பார்க்க முடிந்தது. இன்று கறுப்புக் கோட்டு போட்டு, கேஸ் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்களிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் படித்தது மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் அரசு சட்டக் கல்லூரியாக இருக்கலாம், வேறு ஊராகவும் இருக்கலாம். எங்கே படித்தாலும் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். நீதிபதிகள், மூத்த வழக்கறிஞர்கள், கலெக்டர், காவல்துறை உயர் அதிகாரிகள் என்று பெரியவர்கள் சிறப்புரையாற்ற வருவார்கள். அரங்கம் நிறையும். பேசி முடித்ததும் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்பார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் காலனிப் பிள்ளைக்கு மனசுக்குள் ஆயிரம் கேள்வி இருக்கும். எழுந்திருக்கக் கால் வராது.

அந்தக் கால் வராத பிள்ளைக்காகத்தான் இந்த வாரம் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்கிறோம். அரசியல் சட்டம் எழுதியவர் என்று எல்லோருக்கும் தெரியும். சட்டம் கற்றுக்கொடுத்த வாத்தியாராகவும், சட்டக் கல்லூரி முதல்வராகவும், வழக்கறிஞர்களின் சபைக்கு அழைக்கப்பட்ட பேச்சாளராகவும் இருந்தவர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

கோணித் துணியும் தண்ணீர்க் குழாயும்

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவில் உள்ள மாவ் ராணுவ முகாமில் பிறந்தார். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளி ஆசிரியர். அம்மா பீமாபாய். 14-வது பிள்ளை. சாதாரா ஊர்ப் பள்ளியில் படித்தபோது மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியவில்லை. வீட்டிலிருந்து ஒரு கோணித் துணியைக் கொண்டுபோய் மூலையில் விரித்து உட்கார வேண்டும். பள்ளியைக் கூட்டும் வேலையாள் அந்தத் துணியைத் தொட மாட்டார் என்பதால், சாயங்காலம் வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு வந்து மறுநாள் மறுபடி கொண்டுபோக வேண்டும். தாகம் எடுத்தால் தானே குழாயைத் திறக்க அனுமதியில்லை. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை.

1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் முடித்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1916 மே மாதம் அங்கே ஒரு மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகள் எப்படி உண்டாயின, எப்படிப் பரவின என்று கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. வகுப்பின் மூலையில் கோணித் துணியில் உட்கார்ந்த பிள்ளை, உலகத்தின் இன்னொரு கோடியில் பேராசிரியர்கள் நடுவே நின்று, தன்னை மூலையில் உட்கார வைத்தது எது என்று விளக்கினார்.

பிறகு லண்டன். அங்கே பொருளாதாரமும், கிரேஸ் இன் என்ற பழைய சட்டச் சங்கத்தில் பாரிஸ்டர் படிப்பும் ஒன்றாகத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

மாணவர்கள் தேடிவந்த வகுப்பு

ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அதிகாரிக்கு ஊரில் தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் சாதியை மறைத்துத் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு ஆட்கள் வந்து வெளியேற்றினார்கள். அலுவலகத்தில் பியூன்கள் கோப்பைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் எறிந்தார்கள். வேலையை விட்டுவிட்டுப் பம்பாய் வந்தார்.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். தாழ்த்தப்பட்டவர் என்ன சொல்லித்தந்துவிடப் போகிறார் என்று முதலில் மாணவர்கள் அலட்சியமாக இருந்தார்கள். சில மாதங்களில் நிலைமை மாறியது. வேறு கல்லூரி மாணவர்கள்கூட அனுமதி வாங்கிக்கொண்டு வந்து அவர் வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஆனால் ஆசிரியர் அறையில் இருந்த பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபம் சொன்னார்கள். அவருடைய அறிவை ஏற்றுக்கொண்ட அதே கட்டடத்தில் அவர் கை பட்ட பானைக்குத் தீட்டு இருந்தது. பள்ளிக்கூடத்துக் குழாய் கல்லூரி வரை பின்னாலேயே வந்தது.

பாரிஸ்டருக்கு வாசல் திறக்கவில்லை

சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் கடன் வாங்கியும் 1920-ல் மறுபடி லண்டன் போனார். 1922-ல் பாரிஸ்டர் ஆனார். 1923-ல் பொருளாதாரத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். ஊர் திரும்பியவருக்குப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளக்கூடக் கையில் பணம் இல்லை. நவல் பத்தேனா என்ற பார்சி நண்பர் உதவினார்.

பதிவு செய்த பிறகும் வழக்குகள் எளிதில் வரவில்லை. ஒரு வக்கீலுக்கு வழக்கு எப்படி வரும் என்பது நம் ஊர் ஜூனியர்களுக்குத் தெரியும். சொந்தக்காரர், சாதிக்காரர், பெரிய வக்கீல் சிநேகம், கொடுக்கல் வாங்கல் செய்கிற வியாபாரி என்று ஒரு சங்கிலி வேண்டும். அந்தச் சங்கிலியில் அவருக்கு ஒரு கண்ணிகூடக் கிடையாது. தேடி வந்தவர்களோ பணம் இல்லாத ஏழைகள். குடும்பம் நடத்த 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் பகுதி நேரமாகக் கற்றுக்கொடுத்தார். 1928 ஜூனில் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பகுதி நேரப் பேராசிரியராகச் சேர்ந்தார். இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சீனியரிடம் பஸ் காசுக்கு வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலம் டியூஷன் எடுக்கும் நம் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

துக்க வீட்டிலிருந்து முதல்வர் அறைக்கு

1935 மே 27 அன்று மனைவி ரமாபாய் இறந்தார். கணவர் வெளிநாட்டில் படித்தபோது வறுமையைத் தனியாகச் சுமந்தவர், பெற்ற பிள்ளைகளில் ஒருவரைத் தவிர மற்றவர்களைச் சாகக் கொடுத்தவர். அந்தத் துக்கம் ஆறும் முன்பே, ஜூன் மாதத் தொடக்கத்தில், பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக அண்ணல் நியமிக்கப்பட்டார். 1855-ல் தொடங்கிய கல்லூரி அது, இந்தியாவின் மிகப் பழைய சட்டக் கல்லூரி. சட்டவியலுக்கான பெர்ரி பேராசிரியர் என்ற மதிப்புள்ள பதவியும் அவருக்குக் கிடைத்தது. 1938 வரை முதல்வராக இருந்தார்.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. சட்டக் கல்வியை எப்படிச் சீர்திருத்துவது என்று 1936 ஜனவரியில் கல்லூரி இதழிலேயே கட்டுரை எழுதினார். பொருளாதாரம், சமூகவியல், வரலாறு எல்லாம் கரைத்துக் குடித்த பிறகு சட்டத்துக்கு வந்தவர் அவர். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வது மட்டும் சட்டப் படிப்பு ஆகாது என்பதற்கு அவருடைய படிப்பே சாட்சி.

அந்த மூன்று வருடங்களை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அரசுக் கல்லூரி முதல்வர். இன்னொரு பக்கம், 1935 அக்டோபரில் இயோலா மாநாட்டில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தவர். 1937-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி சார்பில் பம்பாய் சட்டசபைக்குத் தேர்வானவர். கொங்கணத்தில் உழவர்களைப் பிழிந்த கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தவர். பதவி வந்தால் வாய் மூடிக்கொள்ள வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

அழைத்துவிட்டுப் பேசவிடாத கூட்டம்

1936-ல் லாகூரில் சாதி ஒழிப்புக்கான ஒரு சங்கம் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அவரை அழைத்தது. சாதியைக் கண்டிக்கும் மேல்சாதிச் சீர்திருத்தக்காரர்களின் சங்கம் அது. உரையை முன்கூட்டியே எழுதி அச்சடித்தார். அதைப் படித்துப் பார்த்தவர்கள் மிரண்டு போனார்கள். சாதியை மட்டும் திட்டினால் பரவாயில்லை, அதைத் தாங்கி நிற்கும் சாஸ்திரத்தையும் ஏன் தொட வேண்டும் என்பது அவர்கள் கவலை. சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் ஒரு எழுத்தையும் மாற்றச் சம்மதிக்கவில்லை. மாநாடு ரத்தானது. அச்சடித்த உரையைச் சொந்தச் செலவில் புத்தகமாக வெளியிட்டார். இன்று உலகம் முழுக்கப் படிக்கப்படும் சாதி ஒழிப்பு நூல் அதுதான்.

இதில் சட்ட மாணவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. மேடைக்கு அழைக்கப்படுவது வேறு, மேடையில் உண்மையைப் பேச இடம் கிடைப்பது வேறு. இடம் கிடைக்காதபோது அவர் உரையைச் சுருக்கிக்கொள்ளவில்லை. மேடையை விட்டுவிட்டு உரையைக் காப்பாற்றினார்.

முதல்வரும் அவரே, பிரதிவாதியும் அவரே

இதே காலத்தில் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாத் ஊரின் சவுதார் குளத்தில் அண்ணலும் ஆயிரக்கணக்கான மக்களும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். நகராட்சி ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்துவிட்ட குளம்தான். ஆனாலும் ஊரார் அடித்தார்கள். டிசம்பரில் மறுபடி போராட்டம் அறிவித்ததும், குளம் தங்கள் சொந்தச் சொத்து என்று சொல்லி, அவரையும் தோழர்களையும் பிரதிவாதிகளாக்கி வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார்கள்.

தடை வந்ததும் அவர் என்ன செய்தார் என்பது முக்கியம். ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டு நின்றும், குளத்துக்குள் இறங்காமல் ஊர்வலமாகச் சுற்றி வந்து கலையச் செய்தார். நீதிமன்றத்தில் வெல்ல முடியும் என்று நம்பினார். கீழ்நீதிமன்றம், மேல்முறையீடு என்று பத்து வருடம் நடந்தது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் மகாத் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் பத்து வருட வாய்தா. தீர்ப்பு வந்த நாளில் அவர் அதே நகரத்தின் சட்டக் கல்லூரி முதல்வர். வகுப்பில் அவர் சொல்லித்தந்த சட்டம் புத்தகத்தில் இருந்து மட்டும் வந்ததல்ல என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

நம் ஊரும் ஓர் அரசாணையும்

தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் உறவு உண்டு. லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அவரோடு உட்கார்ந்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன். 1942-ல் நாக்பூரில் அமைந்த அகில இந்தியப் பட்டியல் சாதிகள் கூட்டமைப்புக்குத் தலைவரானவர் சென்னை என். சிவராஜ். அவரும் வழக்கறிஞர்தான், சென்னை சட்டக் கல்லூரியில் பாடம் சொன்னவர்.

ராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளர்களும் அவருக்குக் கடன்பட்டவர்கள். வைஸ்ராய் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறையை அவர் பார்த்த காலத்தில், 1946-ல்தான் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 மணியாகக் குறைந்தது.

இன்னொரு கதையும் உண்டு. 1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாகாண முதலமைச்சர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. அப்போது கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. 14 இடம் என்றால் ஆதிதிராவிடருக்கு 2 இடம் என்பது அதன் கணக்கு. புதிய அரசியல் சட்டத்துக்கு அது விரோதம் என்று செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். உயர்நீதிமன்றத்தில் அரசு தோற்றது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்திலும் தோற்றது. தமிழகம் கொந்தளித்தது. அந்த ஆண்டே அரசியல் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டு, பின்தங்கியவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு சேர்ந்தது. அந்தத் தீர்ப்பு தனக்குத் திருப்தி இல்லை என்று நாடாளுமன்றத்தில் வாதாடியவர் சட்ட அமைச்சர் அம்பேத்கர். இன்று நம் பிள்ளை சட்டக் கல்லூரிக்குள் போகும் வாசலில் இந்தக் கதையும் இருக்கிறது.

புனே வழக்கறிஞர்கள் முன்னால்

இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் மசோதா முடங்கியதால் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியை விட்டார். 1952 தொடக்கத்தில் பம்பாயில் தேர்தலில் தோற்றார். பதவி இல்லை. உடம்பும் சரியில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 22 அன்று புனே மாவட்டச் சட்ட நூலகத்தின் அழைப்பில் வழக்கறிஞர்கள் முன்னால் பேசினார். ஜனநாயகம் வெற்றிகரமாக நடக்க என்னென்ன வேண்டும் என்பது தலைப்பு.

அன்று அவர் ஏழு தேவைகளைச் சொன்னார். சமூகத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கக்கூடாது. ஆள்பவரைக் கேள்வி கேட்க எதிர்க்கட்சி வேண்டும். சட்டத்தின் முன்பு மட்டுமல்ல, அதிகாரிகளின் நடத்தையிலும் சமத்துவம் வேண்டும். அரசியல் சட்டத்தின் எழுத்தை மட்டுமல்லாமல் அதன் ஒழுக்கத்தையும் கடைப்பிடிக்க வேண்டும். பெரும்பான்மை சிறுபான்மையை நசுக்கக்கூடாது. சமூகத்தில் அறநெறி இருக்க வேண்டும். கடைசியாக, பொது மனசாட்சி வேண்டும்.

அந்தக் கடைசி ஒன்றுதான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. யாருக்கு அநீதி நடந்தாலும், அதனால் பாதிக்கப்படாதவனும் துடித்து எழுவதுதான் பொது மனசாட்சி என்று அவர் விளக்கினார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களுக்காகக் குரல் கொடுத்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஸ்காட்டை உதாரணம் காட்டினார். இந்தியாவில் பட்டியல் சாதிக்காரனுக்கு நடக்கும் கொடுமைக்காக மற்றவர்கள் அப்படி எழுகிறார்களா என்பது அவருடைய கேள்வி. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தினமும் நீதிமன்றத்துக்குப் போகிற வக்கீல்கள். சட்டம் எழுதிய கையே, சட்டம் மட்டும் போதாது என்று அவர்களிடம் சொன்னது.

கடைசி வருடத்திலும் ஒரு கல்லூரி

1945-ல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950-ல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி வந்தன. நீரிழிவும் மூட்டுவலியும் வாட்டிய 1956-ல் அந்தக் கழகம் பம்பாயில் சித்தார்த்தா சட்டக் கல்லூரியைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று டெல்லியில் காலமானார். சாகும் வருடத்திலும் அவர் விட்டுப்போனவற்றில் ஒன்று சட்டக் கல்லூரி என்பதை நாம் மறக்கக்கூடாது.

எழுந்து கேளுங்கள்

நம் ஊர்ப்பக்கம் பல இடங்களில் அண்ணலின் சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. சட்டம் எழுதியவரைப் பாதுகாக்கக் கூண்டு தேவைப்படுகிற ஊரில்தான் நாம் இருக்கிறோம். மாலை போடுவதோடு கடமை முடிந்தது என்று போய்விட்டால் கூண்டு அப்படியே இருக்கும்.

இனி நம் பிள்ளைகளுக்கு. அடுத்த முறை உங்கள் கல்லூரிக்கு நீதிபதியோ அதிகாரியோ பேச வந்தால் முன்வரிசையில் உட்காருங்கள். கேள்வி நேரம் வந்தால் எழுந்திருங்கள். உங்கள் ஊர் சுடுகாட்டுப் பாதை வழக்கு ஏன் இத்தனை வருடமாக நிற்கிறது என்று கேளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று இருக்கும்போது, புகார் எழுதி வாங்கவே ஏன் அலைய விடுகிறார்கள் என்று கேளுங்கள். இங்கிலீஷ் வராவிட்டால் தமிழில் கேளுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு. வழக்கு என்று வந்தால் நிலத்தை அடகு வைக்கும் முன்பு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இது யாரும் போடும் பிச்சை அல்ல, சட்டம் தந்த உரிமை.

கோணித் துணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்த ஒரு சிறுவன், பல வருடம் கழித்துச் சட்டக் கல்லூரியின் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த நாற்காலியிலிருந்து அவர் பார்த்த கடைசி வரிசையில்தான் இன்று நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு கை உயரட்டும்.